படம் எப்படி இருக்கு?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சி முடிவதற்குள் ஒரு தமிழ்ப் படத்தின் தலையெழுத்தை எழுதி முடித்துவிடுகிறார்கள். இடைவேளையிலேயே “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே” என்று கைபேசியில் செய்தி போகிறது. பன்னிரண்டு மணிக்கு “செகண்ட் ஹாஃப் லேக்”. சாயங்காலத்துக்குள் “ஓடிடியில பாத்துக்கலாம்”. சனிக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்றிருந்தவர் படத்தின் ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் அதைப் பற்றிய அபிப்பிராயத்தோடு தூங்கப் போகிறார்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் இதற்கு நேர் எதிரான நிலைமை. மதுரையில் வெளியான படத்தின் பெட்டி எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். லாரியில் போனவர், கல்லூரியில் படிப்பவர், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். அவர்கள் கதை சொல்லும் விதமே தனி. முதல் காட்சியிலிருந்து வசனத்தோடு, பாட்டு வரும் இடத்தில் பாட்டையும் முனகிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் சொல்வார்கள். முடிவை மட்டும் சொல்ல மாட்டார்கள். “நீயே போய்ப் பாரு” என்று எழுந்துவிடுவார்கள். பெட்டி கடைசியில் வந்து சேர்ந்து, மணலைக் குவித்துத் தரை டிக்கெட்டில் உட்காரும்போது, பாதிப் படம் ஏற்கெனவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளை ஒவ்வொன்றிலும் முறுக்கும் டீயுமாக விமர்சனம் நடக்கும். பக்கத்தில் இருப்பவர் மாமாவோ பெரியப்பாவோதான் என்பதால் வாயைத் திறந்து மாற்றுக் கருத்துச் சொல்வதிலும் ஒரு மரியாதை இருந்தது.

அப்படிப் பேசிப் பேசித்தான் சில படங்கள் பிழைத்தன. 1978-ல் வந்த ‘முள்ளும் மலரும்’ முதல் சில வாரங்கள் கூட்டமில்லாமல்தான் ஓடியது. பார்த்தவர்கள் ஊர் ஊராகச் சொன்னதில் மெல்ல நிமிர்ந்து நூறு நாளைத் தொட்டது. நாயகன் காளி தன் தங்கையின் கல்யாணத்துக்குச் சொல்லும் அந்த ஒப்புதல், மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லும் ஒப்புதல், அரங்கில் ஒருவரைத் தொட்டு, அவர் வீட்டில் வந்து சொல்லி, வீட்டார் போய்ப் பார்த்து, அப்படி வளர்ந்த வெற்றி அது. இன்று அதே படம் வெளியானால் நான்காவது வாரம் வரை அதற்குத் திரையரங்கு கிடைக்குமா என்பது என்னைக் கவலைப்பட வைக்கும் கேள்வி.

அந்தக் காலத்து ரசிகர் எல்லாவற்றையும் பொறுமையோடு ஏற்றார் என்றும் நான் சொல்லவில்லை. 1954-ல் எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். படம் தொடங்கியதும் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். படம் நன்றாக ஓடவில்லை. 1978 தீபாவளிக்கு வந்த ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும் தடுமாறியது. வாய்ப்பேச்சு வாழவைக்கும், சாகடிக்கவும் செய்யும். ஆனால் அன்று அதற்குச் சில வாரங்களாவது ஆனது.

அடுத்து பத்திரிகைகள். வாரம் ஒருமுறை வரும் விகடனில் படத்துக்கு மதிப்பெண் எவ்வளவு என்று பார்ப்பது பல வீடுகளில் பரீட்சை முடிவு பார்ப்பது மாதிரி இருந்தது. நாற்பதைத் தாண்டினால் நல்ல படம். ‘16 வயதினிலே’ 62½ வாங்கியதைத் தமிழ் சினிமா ரசிகர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணோடு எத்தனையோ பேர் சண்டை போட்டார்கள். முடிதிருத்தும் கடையில் இதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு “இதுக்கு முப்பத்தெட்டா?” என்று கொதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொதிப்பில் ஒரு நல்லது இருந்தது. கொதிப்பவர் படத்தைப் பார்த்திருந்தார். எழுதியவரும் முழுசாகப் பார்த்துவிட்டு, சில நாள் யோசித்துவிட்டு எழுதியிருந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படம், சன் டிவி, கே டிவி என்று வந்து, பார்ப்பது வீட்டுக்குள் போனது.

இன்றைய நிலைக்கு வருவோம். திரையரங்க வாசலில் நின்று பார்த்தால் போதும். கதவு திறந்ததும் முதலில் வெளியே வருபவர் முகத்துக்கு நேரே மூன்று நான்கு மைக் நீள்கிறது. அவர் கண் இன்னும் வெளிச்சத்துக்குப் பழகவில்லை. யோசிக்க நேரமில்லை. “ப்ளாக்பஸ்டர்” என்று கத்தினாலும் “மொக்கை” என்று கத்தினாலும் அது நூறு சேனல்களில் போகும். “எனக்குப் பிடிச்சுதா இல்லையான்னு இன்னும் தெரியல, ஆனா அந்த அம்மா கேரக்டர் மனசுல நிக்குது” என்று ஒருவர் சொன்னால் மைக் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிடுகிறது. ஒரு படத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உண்மையான வாக்கியம் அதுதான்.

இதன் விளைவு திரைக்குள்ளேயே போய்விட்டது. 2024 செப்டம்பரில் வந்த பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ இரண்டு பேர் ஓர் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் படம். தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவன், பெயரே நினைவில்லாத ஓர் உறவுக்காரன் காட்டும் அன்பில் திணறிப்போகிறான். படம் நீளம் என்ற பேச்சு முதல் நாளே எழுந்தது. வெளியான சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. பிறகு ஓடிடியில் பார்த்துவிட்டு அழுதவர்கள், அண்ணனைக் கூப்பிட்டுப் பேசியவர்கள் எத்தனை பேர்! அதே ஊர், அதே மக்கள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தபோது படத்தின் நிதானம் தொந்தரவாக இல்லை. முதல் நாள் சொல்லப்பட்டது படத்தைப் பற்றிய கருத்தல்ல, காத்திருக்க முடியாமையைப் பற்றிய கருத்து என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி வந்த ‘கொட்டுக்காளி’க்கு நடந்தது இன்னும் வருத்தமானது. பி.எஸ்.வினோத்ராஜின் படம். பின்னணி இசை கிடையாது. ஒரு குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கிளம்புகிறது, ‘பேய் பிடித்த’ மீனாவைச் சரிசெய்ய. மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை. வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கிறது. வண்டியிலிருந்து இறங்கிய ஆண்கள் அதன் பக்கத்தில் போகப் பயந்து நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைத் தன்போக்கில் ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஓர் இடத்தில் படம் தான் சொல்லவந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறது. ஆனால் மைக் முன்னால் அதை எப்படிச் சொல்வது? “கதையே இல்ல”, “முடிவே இல்ல” என்பதுதான் சொல்ல எளிது. அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்து, நன்றாக ஓடியது. ஒரே நாளில் இவ்வளவு நல்ல இரண்டு படங்கள் வந்த அதிர்ஷ்டத்தைக் கொண்டாடாமல், இரண்டையும் மோதவிட்டு எது ஜெயித்தது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

தயாரிப்பாளர்கள் பொறுமையிழந்தார்கள். ‘கங்குவா’ வெளியான 2024 நவம்பரில், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்களை விடக்கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. படம் வந்து மூன்று நாளைக்கு இணைய விமர்சனத்தைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைத் தடுக்க முடியாது என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அது சரியான முடிவு. டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் பார்க்கிங்குக்கும் காசு கொடுத்தவர் வாயை மூன்று நாள் கட்ட எவருக்கும் உரிமையில்லை. அவசரத்துக்கு மருந்து சட்டத்தில் இல்லை. ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ போன்ற சின்னப் படங்களைத் தூக்கிவிட்டதும் இதே மக்கள் பேச்சுதான். இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் வந்து இறங்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைக் கோடை விடுமுறையில் பெரிய படங்களுக்கு நடுவே ஓடவைத்தது எந்த விளம்பரமும் அல்ல.

புதுப் படங்களின் பேச்சு இப்படி அவசரப்பட்டுக் கிடக்க, பழைய படங்களுக்கு இது நல்ல காலம். 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’யோடு வந்த ‘குணா’ பெரிதாக ஓடவில்லை. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் ‘குணா’ எடுக்கப்பட்ட கொடைக்கானல் குகைக்குள், அந்தப் படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டை நட்பின் பாட்டாக மாற்றிப் போட்டது. டப்பிங் செய்யாமலே தமிழ்நாட்டில் அது நிரம்பி ஓட, 1991-ல் பிறந்திராத பிள்ளைகள் ‘குணா’வைத் தேடிப் பார்த்தார்கள். 2003 பொங்கலுக்குத் தோற்ற ‘அன்பே சிவம்’ தொலைக்காட்சியிலேயே வென்றது. செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010-ல் குழப்பம் என்று தள்ளப்பட்டு, பத்தாண்டுக்குப் பிறகு மறுவெளியீடு கண்டது. ‘கில்லி’ இருபது ஆண்டு கழித்து 2024 ஏப்ரலில் திரும்ப வந்தபோது புதுப் படங்களே ஒதுங்கி நின்றன.

இதில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் வேறொன்று. அன்று டீக்கடையில் படம் பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். ‘தாய்மார்கள் பேராதரவுடன்’ என்று சுவரொட்டியில் போடுவார்கள், ஆனால் அந்தத் தாய்மார்களிடம் எவரும் மைக்கை நீட்டியதில்லை. இன்று பெண்கள் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அவர்கள் பேசத் தொடங்கியதும் பழைய படங்கள் வேறு படங்களாகத் தெரிகின்றன.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ‘சகலகலா வல்லவன்’ ஓடிக்கொண்டிருந்தது. 1982-ல் வெள்ளிவிழா கொண்டாடிய படம். புத்தாண்டுப் பாட்டு வந்ததும் எல்லாரும் கைதட்டினோம். என் அண்ணன் மகள் கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சித்தப்பா, கெடுத்தவனுக்கே தங்கச்சியக் கட்டி வைக்கிறதுக்குத்தான் ஹீரோ இவ்ளோ பாடுபடுறாரா?” அறையில் பேச்சில்லை. ஊரெல்லாம் கொண்டாடிய அந்த நாட்களில், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர் இதையே நினைத்திருப்பார்கள். கேட்க ஆளில்லை. அவளிடம் அடுத்த வாரம் ‘அவள் அப்படித்தான்’ போட்டுக் காட்டினேன். கடைசிக் காட்சியில், நண்பன் அருணின் புது மனைவியிடம் பெண் விடுதலையைப் பற்றி நாயகி மஞ்சு கேட்கிறாள். அந்தப் பெண் தெரியாது என்கிறாள். மஞ்சு காரிலிருந்து இறங்கிக்கொள்ள, கார் அவளை விட்டுவிட்டுப் போகிறது. “இது நேத்து எடுத்த மாதிரி இருக்கு சித்தப்பா” என்றாள். அன்று திமிர் பிடித்தவள் என்று பேசப்பட்ட மஞ்சுவை இன்றைய பெண் தன் தோழியாகப் பார்க்கிறாள். இரண்டு படத்திலும் ஒரு பிரேம்கூட மாறவில்லை.

அதனால்தான் பழைய படம் என்றாலே காவியம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதும் எனக்கு ஒப்பவில்லை. ‘உதிரிப்பூக்கள்’ இன்றும் நெஞ்சை அறுக்கிறது, உண்மை. அதே ஆண்டுகளில் வந்த பல படங்களின் நகைச்சுவைக் காட்சிகளை, நிறத்தையும் உருவத்தையும் கேலி செய்வதை, இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அதைச் சொல்வது பழைய கலைஞர்களுக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. படத்தை உயிருள்ள ஒன்றாக மதித்து அதோடு பேசுவதுதான் மரியாதை.

பழையதற்குப் பக்தியும் புதியதற்கு அவசரமும் காட்டிக்கொண்டிருக்கிறோம். வசூல் எத்தனை கோடி என்று பேசும் நேரத்தில் ஒரு காட்சியைப் பற்றிப் பேசலாம். வசூல் தயாரிப்பாளரின் கணக்கு, நம் கணக்கல்ல. முதல் நாள் கூச்சலில் ஒதுக்கிய ஒரு புதுப் படத்தை இரண்டாவது வாரம் திரையரங்கில் போய்ப் பாருங்கள். ஒரு பழைய படத்தை வீட்டுப் பெண்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு எவராவது “படம் எப்படி?” என்று கேட்டால், ஒரு நாள் கழித்துப் பதில் சொல்லுங்கள்.