பழைய ஆடியோ செட் வாங்கப் போறீங்களா? ஏமாறாம வாங்க எளிய வழிகள்!

சென்னை:

புது ஆடியோ செட் வாங்க கையில காசு இல்லை. ஆனால் வீட்டில் பாட்டு மட்டும் கணீர்னு கேட்கணும். இப்படி ஆசைப்படுபவர்களுக்கு கை கொடுப்பது பழைய சாமான் சந்தைதான். நல்ல கம்பெனி ஆம்ப்ளிபயரும், மரப்பெட்டி ஸ்பீக்கரும் அடிமாட்டு விலைக்கு கிடைக்கும். அதே இடத்தில் உயிர் போன செட்டை துடைச்சு, பளபளன்னு ஆக்கி தலையில கட்டுற ஆட்களும் உண்டு. விவரம் தெரிஞ்சவங்களுக்கு லாபம். தெரியாதவங்களுக்கு ரெண்டு நாள் கூலி காலி.

எங்கே கிடைக்கும்?

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் டேப் ரிக்கார்டர், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். பேரம் பேசினால் விலை இறங்கும். ஆனால் இங்கே வாங்கிய பொருளுக்கு பில்லும் இல்லை, வாரண்டியும் இல்லை.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஐ.சி., டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் கோன் என உதிரி பாகங்கள் கிடைக்கும். சந்தையில் செட்டை வாங்கி, ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி சரி செய்பவர்கள் நிறைய பேர். ஞாயிற்றுக்கிழமை அங்கு பெரும்பாலான கடைகளுக்கு லீவு என்பதை மறக்காதீங்க.

'1000 வாட்ஸ்' மாயம்

முதலில் ஏமாறுவது வாட்ஸ் கணக்கில்தான். பெட்டி மேல் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். இது கண் இமைக்கும் நேரத்துக்கான விளம்பரக் கணக்கு. தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கு. செட்டை திருப்பி பின்பக்கத் தகட்டைப் பாருங்க. கரண்ட் செலவு 60 வாட்ஸ் என்று இருந்தால், அது தொடர்ந்து 60 வாட்ஸ் சத்தம்கூட கொடுக்காது. அப்புறம் 1000 எங்கிருந்து வரும்?

அதே தகட்டில் வோல்டேஜும் இருக்கும். ஜப்பான், அமெரிக்காவில் விற்ற செட்கள் 100 அல்லது 120 வோல்ட்டில் ஓடுபவை. நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரடியாக சொருகினால் புகைதான் வரும்.

பிளக் இல்லாத இடத்தில்...

சந்தையில் போட்டுக் காட்ட கரண்ட் இருக்காது. அதனால் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியும், ரெண்டு துண்டு வயரும் பையில் இருக்கட்டும். ஸ்பீக்கர் முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் 'டப்' என்று சத்தம் வரணும். வரலைன்னா காயில் போயிருக்கலாம். மெதுவாக ரெண்டு கை விரலால் கோனை அழுத்தினால் உரசும் சத்தம் கேட்கக் கூடாது. கோனைச் சுற்றி இருக்கும் பஞ்சு வளையம் தொட்டால் உதிர்கிறதா என்றும் பாருங்க.

ஆம்ப்ளிபயரை மோந்து பார்ப்பதிலும் தப்பில்லை. கருகிய வாடை வந்தால் டிரான்ஸ்பார்மர் மேல் சந்தேகம்.

எது சின்ன வேலை, எது பெரிய செலவு?

லாபமே இங்கேதான் இருக்கு. வால்யூம் திருகினால் 'கரகர' என்கிறதா? பெரும்பாலும் அழுக்குதான். ஸ்பிரே அடித்து சுத்தம் செய்தால் சரியாகும். டேப் ஓடவில்லையா? ரப்பர் பெல்ட் இளகிப் போயிருக்கும். 'ஹம்ம்' என்ற இரைச்சலா? கண்டென்சர் மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். இந்தக் குறைகளைக் காட்டியே விலையைக் குறைக்கலாம்.

டிரான்ஸ்பார்மர் எரிந்தது, எஸ்.டி.கே. ஐ.சி. போனது என்றால் ஒதுங்கிடுங்க. இந்த ஐ.சி.யில் போலிகள் அதிகம். மாட்டிய வேகத்தில் மறுபடி போகும். 1,500 ரூபாய்க்கு செட் வாங்கி 2,000 ரூபாய்க்கு ரிப்பேர் பார்த்தால் என்ன லாபம்?

8 ஓம்ஸ் என்று போட்ட ஆம்ப்ளிபயரில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டாதீங்க. சூடாகி படுத்துவிடும்.

வீட்டுக்கு கொண்டு வந்ததும் நேராக சுவிட்சைப் போடக் கூடாது. பழைய வயர் ஓடு விட்டிருந்தால் இரும்புப் பெட்டியிலேயே ஷாக் அடிக்கும். ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டி, வயரை மாற்றிய பிறகு போடுங்க. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

திருட்டு பொருள் உஷார்!

விலை ரொம்ப மலிவாக இருந்தாலும் யோசிக்கணும். திருட்டு பொருள் என்று தெரிந்தே வாங்கினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். வரிசை எண்ணை சுரண்டி எடுத்த செட் பக்கமே போகாதீங்க.

செல்போனில் போட்டோ காட்டி, 'அட்வான்ஸ் அனுப்புங்க, பார்சலில் வரும்' என்று சொன்னால் பணம் அனுப்ப வேண்டாம். நேரில் பார்த்து, பாட்டுப் போட்டுக் கேட்ட பிறகே காசு. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் செய்யலாம்.