அயலறியாக் கணினிகள்

பரீட்சைக்கு முதல்நாள் இரவு. மகளின் கணினியிலுள்ள பாடக்குறிப்பை நம் கணினியிலிருந்து எடுக்க முயன்றோம். இரண்டிலும் இணையம் தடையின்றி வந்தது. ஆயினும் ஒன்றை மற்றொன்று அறியவில்லை. இவ்விடர் பல வீடுகளில் நேர்வதே.

முதலில் எண்முகவரியை நோக்குதல் வேண்டும். வீட்டு ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் வழங்கும். 192.168.1.5, 192.168.1.8 என்பனபோல் அமையின், இரண்டும் ஒரே ஒழுங்கையிலுள்ள வீடுகள் எனலாம். 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிட்டவில்லை என்பதே பொருள். விருந்தினருக்கான வைபையில் இணைந்த கணினியும் பெரும்பாலும் மற்றதைக் காணாது. பிரித்துவைப்பதே அதன் நோக்கம்.

அடுத்தது அனுமதி. வலையமைப்பு 'பொது' எனக் குறிக்கப்பட்டிருப்பின் விண்டோஸ் கதவை அடைத்துக்கொள்ளும். வீட்டில் அதனைத் 'தனிப்பட்டது' என மாற்றிக் கோப்புப் பகிர்வை இயக்குதல் வேண்டும். நம் வீட்டுக் குறை இதுவே.

பின்னரும் பெயர் தோன்றாவிடின், கோப்புச் சாளரத்தின் முகவரிப் பெட்டியில் \\192.168.1.8 என மற்றதன் எண்ணை எழுதிப் பார்க்கலாம். திறந்தால், குறை பெயர்ப்பட்டியலில் மட்டுமே.

எஸ்.எம்.பி. 1 என்னும் பழைய பகிர்வு முறையை மீண்டும் இயக்குமாறு சிலர் கூறுவர். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது அம்முறையிலிருந்த ஓட்டையினூடாகவே. அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோசும் அதனைக் கைவிடத் தொடங்கியது.

அயலவரைக் காண்பதற்கு வேலியில் படலை போதும். வேலியையே பிடுங்குதல் அறிவுடைமையன்று.