சுவரில் தொடங்கும் சிக்கனம்

நுழையும்முன்

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. அந்த ஒளிக்காக வேறோர் ஊரில் நிலக்கரி எரிகிறது. அவ்வூரின் நீரிலும் காற்றிலும் சாம்பல் கலக்கிறது. நாம் வீடு கட்டும் முறைக்கும் அந்தச் சாம்பலுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

மின்சாரம் பிறக்கும் ஊர்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர்த் தொடர்வண்டி எண்ணூரைக் கடந்ததும் அத்திப்பட்டை அடைகிறது. இங்குள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1200 மெகாவாட் திறன் கொண்டவை. ஒடிசாவில் வெட்டப்படும் நிலக்கரி கப்பலேறி எண்ணூர்த் துறைமுகம் வழியாக இங்கு வந்து சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி தேவை. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்தபின் சாம்பலாக எஞ்சுகிறது. அச்சாம்பல் கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து மீன்வளத்தைக் கெடுப்பதை அப்பகுதி மீனவர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர்.

எனவே, வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் மின்கட்டணத்தை மட்டும் குறைப்பதன்று. எங்கோ விழவிருந்த சாம்பலையும் குறைக்கிறது. அந்தச் சேமிப்பை எங்கிருந்து தொடங்குவது?

வெப்பம் நுழையும் வழிகள்

கோடையில் நாம் செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி, வீட்டுக்குள் புகுந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றவே பயன்படுகிறது. வெப்பம் புகும் வழிகள் மூன்று: கூரை, சுவர், சன்னல். நாள் முழுதும் வெயிலைத் தாங்கும் கூரையே இவற்றுள் முதன்மையானது. காங்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் விடுகிறது. கதிரவன் மறைந்த பின்னும் மேல்மாடி அறை புழுங்குவதற்குக் காரணம் இதுவே.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் புகழ்பெற்றது. இன்றைய காங்கிரீட் தளத்தின்மீது போடப்படும் ஜல்லிச் சுண்ணாம்புப் பூச்சும் தட்டோடும் அம்மரபின் எச்சங்களே.

அளவுகோலாக வந்த விதி

ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த ஆற்றல் திறன் செயலகம் வணிகக் கட்டடங்களுக்கு 2007-இலும், குடியிருப்புகளுக்கு 2018-இலும் நெறிமுறைகளை வெளியிட்டது. குடியிருப்புகளுக்கான நெறிமுறையின் பெயர் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’.

அது வீட்டின் புற உறையை அளந்து பார்க்கச் சொல்கிறது. வெளிச்சுவரும் சன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்தின் மதிப்பு, சதுர மீட்டருக்கு 15 வாட்டை மிஞ்சக் கூடாது. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தப்படக் கூடாது. வேறுபாடு 10 பாகை எனில், 50 சதுர மீட்டர் கூரை வழியே 600 வாட் வரை வெப்பம் புகலாம். காப்பு ஏதுமற்ற வெறும் காங்கிரீட் தளத்திலோ இதைப்போல் இரு மடங்குக்கும் மிகுதியாகப் புகும். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்பதும் விதி. கடற்காற்றை வீட்டுக்குள் வரவழைக்கும் ஏற்பாடு இது.

2021-இல் வெளிவந்த இரண்டாம் பகுதி மின்விளக்கு, மின்தூக்கி, நீரேற்றி, சூரிய மின்னாற்றல் ஆகியவற்றையும் இணைத்துக்கொண்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெரிய குடியிருப்புகளையும் நெறிமுறை எல்லைக்குள் கொண்டுவந்தது.

பழைய வீடும் புதிய கருவியும்

கட்டி முடித்த வீட்டையும் சீர்செய்ய இயலும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சை மொட்டைமாடியில் பூசலாம். மேற்குச் சன்னலுக்கு மேல் வெயில் மறைப்பு அமைக்கலாம். புதுச்சுவர் எழுப்பும்போது, அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு செய்யும் எடை குறைந்த காற்றறைக் கற்களைப் பயன்படுத்தலாம். அவை செங்கல்லைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகின்றன.

இதன் பின்னரே கருவிகளின் முறை. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் கொள்ளும்; புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் சுழன்றால் 162 யூனிட் மிச்சமாகும். அஃதாவது, ஒரு விசிறி நூறு கிலோவுக்கும் மேற்பட்ட நிலக்கரியை எரியாமல் காக்கிறது.

இணையத்தால் இணைந்த வீட்டில், ஆளில்லா அறையின் விளக்கை உணர்கருவி அணைக்கிறது. திறன்மிகு மின்அளவி எந்த நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்று காட்டுகிறது. ஆயினும் வெப்பத்தைத் தடுக்காத வீட்டில் எத்தகைய கருவியும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கே ஒப்பாகும். மேலும், வீட்டில் ஆள் இருப்பதையும் இல்லாததையும் அறியும் கருவியின் தகவல் யாரிடம் செல்கிறது என்பதிலும் விழிப்புத் தேவை.

தெரிந்து தெளிவோம்

2020 முதல் இந்தியாவில் விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள், இயக்கியவுடன் 24 பாகை செல்சியசில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும். பயன்படுத்துவோர் அதனை மாற்றிக்கொள்ளலாம்.

விதி எட்டாத வீடு

2018-இல் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளுக்கு உரியதாக வகுக்கப்பட்டது. அஃது இரண்டு கிரவுண்டுக்கும் மிகுதி. அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் தகரக்கூரையின் கீழும் சிறு காங்கிரீட் தளத்தின் கீழும் வாழும் தொழிலாளர் வீடுகள் அக்கணக்கில் வாரா. காற்றுக்காகச் சன்னலைத் திறந்தால் தூசு வரும், அடைத்தால் புழுங்கும். மாநிலத்துக்கே மின்சாரம் தரும் ஊரில் உள்ளவர்க்கு இந்நிலை.

ஆகவே, இவ்வறிவு விதிநூலில் மட்டும் தங்கிவிடலாகாது. வெண்பூச்சும் தட்டோடும் நிழலும் எளிய வீட்டுக்கும் ஏற்றவை. அரசு கட்டித்தரும் குடியிருப்புகளில் முதலில் இடம்பெற வேண்டியவை. நாளைய பொறியாளராக, கொத்தனாராக, வீட்டு உரிமையாளராக விளங்கப்போகும் மாணவர்கள், வீட்டின் வரைபடத்தைக் காணும்போதே அதன் கூரையைப் பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டும். நம் வீட்டின் குளுமை இன்னோர் ஊரின் சாம்பலாகாதிருக்க அக்கேள்வியே தொடக்கம்.