குறியிட்ட பாடமும் சொற்செயலி ஆவணமும்

ஒரு கட்டுரைக்கு உறுப்புக்கள் உள, அணியும் உண்டு. தலைப்பு, கிளைத்தலைப்பு, பந்தி, மேற்கோள், அடிக்குறிப்பு என்பன உறுப்புக்கள். அவை எவ்வெழுத்துருவில், எவ்வளவு பருமனில், எந்நிறத்தில் அமைகின்றன என்பது அணி. ஏட்டுச் சுவடியிலே சூத்திரமும் உரையும் ஒரே எழுத்தில் தொடர்ந்து கிடந்தன. அச்சேற்றியோர் அவற்றை வேறுபிரித்து அணிசெய்தனர். உறுப்பு எது, அணி எது எனப் பிரித்தறியாது கணினியில் ஆவணங்களை உருமாற்ற முற்படுவோர் பன்முறை செய்த வேலையையே மீண்டும் செய்ய நேர்கின்றது. மார்க்டவுண் என்னும் எளிய குறிமுறையில் எழுதிய கோப்பைச் சொற்செயலி ஆவணமாக்குமிடத்து இது தெளிவாகப் புலப்படும்.

பாடத்தினிடையே குறிகளை இட்டு, பின்னர் அவற்றுக்கேற்ப வடிவமைக்கும் முறை புதியதன்று. 1964 இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே ஜெரோம் சோல்ற்சர் ஆக்கிய றன்ஓஃப் என்னும் செய்நிரல் இதனையே செய்தது. 1986 இல் சர்வதேச நியமமாகிய எஸ்.ஜி.எம்.எல். என்பதும், இணையப் பக்கங்களுக்கு அடிப்படையாகிய எச்.ரி.எம்.எல். என்பதும் இம்மரபினவே. ஆயின் இவற்றிற் குறிகள் மிகுந்து பாடத்தை மறைத்தன. குறியோடு கூடிய நிலையிலும் மனிதர் எளிதில் வாசிக்கத்தக்கதாக ஒரு முறை வேண்டுமென எண்ணிய ஜோன் குறூபர் என்பார், ஏரன் சுவார்ட்சின் துணையுடன், 2004 இல் மார்க்டவுணை வெளியிட்டார். வரித் தொடக்கத்தில் ஒரு சதுரக்குறியும் (#) ஓர் இடைவெளியும் இட்டால் அவ்வரி தலைப்பாகும். இரண்டு சதுரக்குறி இட்டாற் கிளைத்தலைப்பாகும். சொல்லின் இருமருங்கும் ஒவ்வோர் உடுக்குறி (*) இட்டாற் சாய்வெழுத்து. இவ்விரண்டு இட்டால் தடித்த எழுத்து. வெற்றுவரி பந்தியைப் பிரிக்கும். எந்தக் கணினியிலும் எந்த எளிய பதிப்பியிலும் இக்கோப்புத் திறக்கும்.

இங்ஙனமாயினும் பல்கலைக்கழகமும் அச்சகமும் மலர்க்குழுவும் வேண்டுவது பெரும்பாலும் மைக்ரோசொப்ற் வேர்ட் ஆவணமே. அவ்வாவணம் வெளிக்கு ஒரு தாள்போலத் தோன்றினும், உண்மையிற் பல சிறு கோப்புக்களைச் சுருக்கிக் கட்டிய பொதியாகும். அதன் அமைப்பு 2006 இல் எக்மா நியமமாகவும், 2008 இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. அப்பொதியினுள்ளே ஒவ்வொரு பந்தியும் 'தலைப்பு 1', 'தலைப்பு 2', 'இயல்பு' என யாதேனும் ஒரு பாணியைச் சார்ந்து நிற்கும். ஆகவே ஒரு சதுரக்குறி 'தலைப்பு 1' ஆகவும், இரண்டு 'தலைப்பு 2' ஆகவும் சென்று சேர்வதே செவ்விய மாற்றம்.

இதனைத் திறம்படச் செய்வது பண்டொக் என்னும் செய்நிரல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்து மெய்யியற் பேராசிரியர் ஜோன் மக்பார்லன் 2006 இல் அதனை வெளியிட்டார். ஆயினும் அதனைப் பொதுவாகக் கட்டளை வரியிலே சொற்களைத் தட்டச்சிட்டே இயக்குவர். பாடசாலைக் கணினிகள் பலவற்றிற் புதிய செய்நிரலை நிறுவவும் இசைவில்லை. கட்டளை வரி அறியாதார்க்கு வேறு வழிகள் உள்ளன.

முதலில் விலக்கத்தக்க வழியைக் கூறுதல் நன்று. கோப்பை அப்படியே வேர்ட்டிலே திறந்து, குறிகளை ஒவ்வொன்றாக அழித்து, தலைப்பு வரிகளைக் கையாற் பெருப்பித்துத் தடிப்பாக்குவோர் பலர். பார்வைக்கு அது தலைப்பே. கணினிக்கோ பெரிய எழுத்திலமைந்த சாதாரண பந்தி. நூறு பக்க ஆய்வேட்டை இவ்வாறு ஆக்கிய மாணவன் ஒருவன் பொருளடக்கத்தைத் தானே அமைக்குமாறு வேர்ட்டை ஏவினால், தலைப்பு ஒன்றேனும் இல்லை என்னும் விடையே கிடைக்கும். ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் இவ்விடை கிடைப்பதுதான் கொடிது.

இணைய வசதியுடையார்க்கு எளிய வழி கூகிள் டொக்ஸ். 2024 யூலை முதல் அது மார்க்டவுண் கோப்பை நேரே ஏற்கின்றது. கோப்பைக் கூகிள் டிறைவில் ஏற்றி, கூகிள் டொக்ஸாற் றிறந்து, பின் வேர்ட் ஆவணமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். இலவசமாக மாற்றித் தருவதாகக் கூறும் இணையத்தளங்கள் வேறு பல உள. முன்பின் அறியாத அவற்றிடம் பரீட்சை வினாத்தாளையோ மாணவர் பற்றிய அறிக்கையையோ ஒப்புவித்தல் தகாது.

இணையமின்றிச் செய்ய விரும்புவோர் எச்.ரி.எம்.எல். வடிவை இடைப்படியாகக் கொள்ளலாம். மார்க்டவுண் பதிப்பிகள் பலவற்றிற் கோப்பை அவ்வடிவிற் சேமிக்கும் வசதி உண்டு. சேமித்த கோப்பை வேர்ட்டிலே திறந்தால் தலைப்புக்கள் உரிய பாணிகளோடு வந்தமையும். பின் வேர்ட் ஆவணமாகச் சேமித்தல் வேண்டும். விசுவல் ஸ்ரூடியோ கோட் என்னும் பதிப்பியின் முன்னோட்டச் சாளரத்திலிருந்து முழுவதையும் நகலெடுத்து வேர்ட்டில் ஒட்டுதலும் ஏறக்குறைய இதுவே. ஆனால் முன்னோட்டத்தின் கருநிறப் பின்னணியும் உடன் வருவதுண்டு. 'பாடத்தை மாத்திரம் ஒட்டுக' என்பதைத் தெரிந்தாலோ உறுப்பும் அணியும் ஒருங்கே தொலையும்.

இவ்வழியில் இரண்டிடங்களில் விழிப்பு வேண்டும். மார்க்டவுண் கோப்பினுள் படம் இல்லை. படம் இருக்குமிடத்தின் பெயரே உண்டு. எச்.ரி.எம்.எல். வழியாக வேர்ட்டுக்கு வந்த பின்னரும் படம் வெறும் இணைப்பாகவே நிற்கும். அவ்விணைப்பை முறித்துப் படத்தை ஆவணத்தினுட் சேர்க்காது அனுப்பினால், பெறுபவர் காண்பது வெறுங்கட்டமே. இரண்டாவது, அடிக்குறிப்பு. குறூபர் வகுத்த மூலமுறையில் அஃது இல்லை. பின்வந்தோர் தத்தமக்கேற்பச் சேர்த்தனர். ஆதலின் அது பெரும்பாலும் பக்கத்தின் அடியில் அமையாது கட்டுரையின் கடைசியில் ஒரு பட்டியலாகச் சென்று நிற்கும்.

தமிழில் எழுதுவோர்க்கு வேறு சில இடர்ப்பாடுகளும் உள. சாய்வெழுத்துக்கு உடுக்குறிக்குப் பதிலாக அடிக்கோட்டுக்குறியும் (_) இடலாம் என்பது விதி. ஆனால் அது சொல்லின் நடுவே தொழிற்படாது. ஆங்கிலத்தில் நூற்பெயர் தனித்து நிற்பதால் இவ்விதியால் இடரில்லை. தமிழிலோ வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டி வரும். _கலித்தொகை_யில் என எழுதினால் அடிக்கோடுகள் அவ்வாறே அச்சாகும். *கலித்தொகை*யில் என எழுதினால் நூற்பெயர் சாயும். குறிகளுக்குள்ளே மேற்கோட்குறியும் இட்டு *“கலித்தொகை”*யில் என எழுதினால் உடுக்குறியும் பயன்படாது.

இதனினும் பெரியது பாமினி எழுத்துருவால் விளைவது. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய அவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தது. வெறும் பாடக் கோப்பு எழுத்துருவைச் சுமப்பதன்று. ஆதலின் பழைய பாமினிக் கட்டுரையை அதில் ஒட்டியவுடன் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும். வேர்ட்டுக்குக் கொண்டுவந்தபின் பாமினியைத் திரும்ப ஏற்றினாற் சரியாகிவிடும் எனக் கருதுவோர் உளர்; சரியாகாது. பாமினியில் 'ஷ்' என்பது பின்சாய்கோடும் (\) அரைப்புள்ளியும் (;) ஆகும். நியம மார்க்டவுணிற் குறியின் முன் நிற்கும் பின்சாய்கோடு மறைந்துவிடும். 'கிருஷ்ணன்' ஷகரத்தை இழப்பான். 'ஹ' என்பதன் இடத்திலுள்ள குறியோ (`) நிரற்றுண்டுகளை அடைக்கும் குறி. ஒரு பந்தியில் இரண்டு ஹகரம் வந்தால் இடைப்பட்ட பகுதி நிரலெனக் கொள்ளப்படும். ஆதலால் முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, அதன் பின்னரே மார்க்டவுண் கோப்பில் இடுதல் வேண்டும்.

ஒருங்குறித் தமிழும் வேர்ட்டை அடைந்தபின் எழுத்துரு மாற மறுப்பதுண்டு. வேர்ட் தமிழைச் சிக்கலெழுத்து வகையிற் சேர்த்து, அதற்கென வேறோர் எழுத்துருவைப் பாணியினுட் குறித்து வைக்கின்றது. பாணியைத் திருத்தும் பெட்டியிற் சிக்கலெழுத்துக்குரிய இடத்திலே லதா, நிர்மலா போன்ற எழுத்துருவைத் தெரிதல் வேண்டும். 'தலைப்பு 1' பாணியில் ஒருமுறை இதனைச் செய்தால் அப்பாணியைச் சார்ந்த தலைப்புக்கள் அனைத்தும் ஒருங்கே மாறும். கையாற் பெருப்பித்த தலைப்புக்களோ இவ்வாறு பாணிவழி ஒருங்கே மாறா.