தாங்கியில் சிறு ஒழுக்கு: செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்



இன்று பல லயங்களின் முன்னால் திரீவீலோ மோட்டார் சைக்கிளோ நிற்கக் காண்கிறோம். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதும், இரவு நேரத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அந்த வண்டிதான். அதன் பெற்றோல் தாங்கி ஒழுகினால், "சொட்டுச் சொட்டாத்தானே போகுது, சம்பளத்துக்குப் பொறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். வினாடிக்கு ஒரு சொட்டுப் போனாலே ஒரு நாளில் ஒரு லீற்றருக்கு மேல் வீணாகும். அதைவிடப் பெரிய விஷயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள காம்பராக்களில் ஒன்றில் பிடித்த தீ மற்றக் காம்பராக்களையும் விடாது.

எரிவது எது?

பெற்றோலில் தீப்பிடிப்பது அதிலிருந்து எழும் ஆவி. நுவரெலியாக் குளிரிலும் இந்த ஆவி எழும்பும். அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. ஆகவே மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்துக்கும் கானுக்கும் இறங்கும். மேலே நிற்கும் வண்டியின் ஆவி கீழ் லயத்து அடுப்பைத் தேடிப் போகலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

1. எஞ்சினை நிறுத்தி, வண்டியை லயத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான சமதரைக்குத் தள்ளிச் செல்லுங்கள். பீடி, அடுப்பு, குப்பி விளக்கு எதுவும் கிட்ட வரக்கூடாது. பிள்ளைகளையும் விலக்கிவிடுங்கள். வேலையைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

2. ஒழுகுவது தாங்கிதானா என்று பாருங்கள். பல வேளை டெப்பின் வொஷரோ, வெடித்த ரப்பர் குழாயோதான் காரணம். அதை மாற்றினால் வேலை முடிந்தது.

3. தாங்கியிலேயே ஊசித் துவாரம் என்றால், உடுப்புத் துவைக்கும் சவர்க்காரக் கட்டியைத் தண்ணீர் படாமல் துவாரத்தின் மேல் அழுத்தித் தேயுங்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. ஆனால் மழையில் கரையும். ஆகவே இது கராஜ் ஆள் வரும்வரை தாங்கும் தற்காலிக அடைப்பு மட்டுமே.

எபொக்சி மக்கு

ஹார்ட்வெயார் கடையில் இரண்டு பகுதியாக விற்கும் எபொக்சி மக்கு இன்னும் நின்று பிடிக்கும். பெற்றோலுக்குத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பெற்றோலை மூடியுள்ள இரும்புக் கேனில் இறக்குங்கள். குழாய் வைத்து வாயால் உறிஞ்சவே வேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

துவாரத்தைச் சுற்றி ஓர் அங்குலம் வரை எமரிப் பேப்பரால் கையாலேயே தேய்த்து, பெயின்ட்டையும் துருவையும் எடுங்கள். மின்சார கிரைண்டர் கூடாது; அதன் பொறி போதும். துடைத்து நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தில் மக்கு ஒட்டாது. இரண்டு பகுதியும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து அழுத்தி அப்புங்கள். பக்கெட்டில் சொல்லியுள்ள நேரம் முழுதும் காய்ந்த பிறகே பெற்றோல் ஊற்ற வேண்டும்.

பெருவிரலால் அழுத்தும்போது தகடு உள்ளே போனாலோ, மூட்டு வெடித்திருந்தாலோ, மக்கு பூசிப் பயனில்லை. தாங்கியை மாற்றுவதே மேல்.

வெற்றுத் தாங்கியை நம்பாதீர்கள்

இதைத்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வருகிறோம். "பெற்றோல் எல்லாம் ஊத்தியாச்சு, இனிப் பயமில்ல, ஒரு வெல்டிங் வச்சிடு" என்பார்கள். நிறைந்த தாங்கிக்குள் காற்றுக்கு இடம் குறைவு. வெறுமையான தாங்கியிலோ ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். மூடிய தாங்கிக்குள் அது குண்டாக வெடிக்கும். தண்ணீரால் அலசினாலும் போதாது. துருவிலும் மூட்டிலும் ஒளிந்திருக்கும் பெற்றோல், சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். டீசல் தாங்கிக்கும் இதே கதைதான். வெல்டிங் தேவை என்றால், தாங்கியைக் கழற்றி, ஆவியை முழுதாக நீக்கும் வசதியும் பழக்கமும் உள்ள கராஜுக்கே கொடுங்கள்.

தவறிப்போய்த் தீப்பிடித்தால்

தண்ணீர் ஊற்றாதீர்கள். பெற்றோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும். சிறு தீயென்றால் மண்ணை அள்ளிப் போடுங்கள். பெரிதென்றால் வண்டியை விட்டுவிட்டு, பக்கத்துக் காம்பரா ஆட்களை வெளியேற்றுங்கள். உடம்பில் தீப்பட்டவரை நிலத்தில் உருட்டி, தீ அணைந்ததும் காயத்தில் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய் பூச வேண்டாம். பெற்றோல் குடித்தவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. இரண்டுக்கும் 1990 இலவச அம்பியுலன்சை அழையுங்கள்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் கேன்களில் பெற்றோலைச் சேர்த்து வைத்த பழக்கம் எந்தக் காம்பராவில் இன்னும் இருந்தாலும் இன்றே விட்டுவிடுங்கள். தாங்கியை மாற்றக் காசு செலவாகும், உண்மைதான். ஆனால் வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம். லயத்து உயிர்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.