கறுப்புக் கிண்ணத்தின் சூளைக் கணக்கு

2016 செப்டம்பரில் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில், 12.2 செ.மீ. விட்டமுள்ள ஒரு தேநீர்க் கிண்ணம் 1.17 கோடி டாலருக்குப் போனது. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஜியான் சூளைகளில், சோங் அரசமரபின் காலத்தில் (960–1279) சுட்டது. கறுப்பு மெருகின்மேல் எண்ணெய்த் துளி தெறித்தாற்போல் வெள்ளிநிறப் பொட்டுகள். ஏலத் தொகை ஊரறிந்தது. அந்தப் பொட்டு விழ என்ன செலவாயிற்று என்பதே இங்கே கணக்கு.

சரக்கில் விலை உயர்ந்தது எதுவுமில்லை. உள்ளூர்க் களிமண், மரச்சாம்பல், அவ்வளவுதான். மெருகில் இரும்பு ஆக்சைடு நூற்றுக்கு 5 அல்லது 6 பங்கு. கிண்ணத்தின் மண்ணில் அதைவிடக் கூடுதல்.

ஆனால் சூளை பெரிது. ஜியான் சூளைகள் இருந்த ஜியான்யாங்கில், மலைச்சரிவில் ஏறும் ஒரு டிராகன் சூளையின் நீளம் 135.6 மீட்டர். ஒரே சூட்டில் ஒரு லட்சம் கிண்ணம் பிடிக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனியே ஒரு சுடுமண் உறை. கிண்ணம் 300 கிராம், உறை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மண் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 1300க்கு ஏற்ற 1,650 கிலோஜூல். கிலோவுக்கு 15,000 கிலோஜூல் தரும் காய்ந்த விறகில் அது 110 கிராம். லட்சம் கிண்ணத்துக்கு 11 டன். சுவரும் புகையும் தின்றதுபோக, பத்தில் ஒரு பங்கு வெப்பமே சரக்கைச் சேர்ந்தது என்று கொண்டால் 110 டன். அதிலும் 85 டன் உறைகளைச் சூடாக்கவே போகிறது. கிண்ணத்தின்மேல் சாம்பல் படியாமல் காப்பதற்கான செலவு அது. பெரிய செலவுதான், ஆனால் அது இல்லாமல் இந்த மெருகு இல்லை.

அடுத்தது ஆக்சிஜன் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1300 டிகிரியை நெருங்கும்போது உருகிய மெருகுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை விடுகிறது. 100 கிராம் மெருகில் 5 கிராம் ஆக்சைடு இருந்து, அது முழுவதும் காந்த இரும்புத்தாதுவாக மாறினால், வெளியேறுவது 0.167 கிராம். கேட்கச் சிறிது, அந்தச் சூட்டில் அதன் கன அளவோ 670 மில்லிலிட்டர். மெருகின் கன அளவு சுமார் 40 மில்லிலிட்டர்தான். தன்னைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு வாயுவை மெருகு கக்க வேண்டும்! இதில் ஒரு பகுதி வெளியேறினாலே போதும்: குமிழிகள் இரும்பை மேலே ஏற்றிக்கொண்டு வந்து உடைகின்றன, உடைந்த இடத்தில் பொட்டு. மெருகு இன்னும் இளகினால் பொட்டுகள் வழிந்து முயல்ரோமம் போன்ற கோடுகளாகின்றன.

2014இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் எக்ஸ்-கதிர்க் கற்றையில் ஜியான் ஓடுகளைப் பார்த்த அறிஞர்களுக்கு, எண்ணெய்ப் பொட்டில் எப்சிலான் வகை இரும்பு ஆக்சைடு கிடைத்தது. முயல்ரோமக் கோடுகளில் அது கொஞ்சமே, சாதாரண இரும்பு ஆக்சைடான ஹெமடைட்டோடு கலந்து இருந்தது. எப்சிலான் வகையைத் தூய்மையாக உருவாக்க இன்றைய ஆய்வகங்கள் நானோ அளவுத் துகள்களோடு மல்லாடுகின்றன.

அன்று சூளை எட்டிய சூட்டின் அளவை அறியவும் வழி உண்டு. ஓட்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி மெதுவாகச் சூடேற்றி நீளத்தை அளப்பார்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று விரியும். பிறகு பழைய சூட்டின் அளவு வரை துண்டு பெரும்பாலும் விரிந்துகொண்டேயிருக்கும். அதைத் தாண்டியதும் சுருங்கத் தொடங்கும். அந்தத் திருப்பமே பழைய சூட்டைக் காட்டும்.

கோடி டாலர் கிண்ணத்தை யாரும் வெட்டித் தரப்போவதில்லை. ஜப்பான் தேசியப் பொக்கிஷமாக வைத்திருக்கும் யோஹென் எனும் வகை ஜியான் கிண்ணங்கள் மூன்றையும் அப்படித்தான். நமக்கு எண்களைத் தருவது சூளைமேட்டில் கிடக்கும் உடைந்த ஓடும், அதோடு ஒட்டிப்போன உறையும். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். எனவே பழஞ்சூளை ஓட்டை யாராவது நினைவுப்பொருளாக விற்க வந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.