நாண் பூட்டிய இரும்பு

தென்கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் எல்லை வகுத்து நிற்க, இடையே விரிந்து கிடக்கும் சமவெளியில், யாரோ ஒரு பெருமகன் சாய்ந்துகொள்வதற்கென்று போட்டுவைத்த திண்டைப் போல மொட்டையாகக் கிடக்கிற ஒற்றைப் பாறையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது திண்டுக்கல். அந்தப் பாறையின்மேல் 1605-ஆம் ஆண்டில் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை எடுப்பித்தார் என்பதும், பின்னர் அது மைசூரார் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி மாறிப் போயிற்று என்பதும் இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த செய்தி. பாறையில் வெட்டிய படிகளில் மூச்சிரைக்க ஏறி, பீரங்கி நின்ற மேடைகளையும் வெடிமருந்து சேமித்த அறைகளையும் பார்த்து இறங்குகிறவர்களுள், அந்த ஆயுதங்களைச் செய்த கைகள் யாருடையவை என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நானும் பல தடவை அப்படி எண்ணாமலே இறங்கி வந்தவன்தான்.

மைசூர் அரசின் சார்பில் 1755-இல் இங்கே ஃபௌஜ்தாராக வந்து அமர்ந்த ஹைதர் அலி, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுக்காரர் வாயிலாகத் தேர்ந்த தொழிலாளரை வரவழைத்து, பிரெஞ்சு ஆசான்களின் மேற்பார்வையில் பீரங்கிப் படையையும் ஆயுதசாலையையும் மருந்துச் சாலையையும் முறைப்படி அமைக்கத் தொடங்கினார் என்று மைசூர் சரித்திரம் எழுதிய கர்னல் மார்க் வில்க்ஸ் கூறுகிறார். பிற்காலத்தில் ஆங்கிலக் கம்பெனியை நடுங்க வைத்த ஒரு படையின் உலைக்களம் முதன்முதலில் மூட்டப்பட்டது இந்தப் பாறையின் நிழலில் என்பது திண்டுக்கல்லுக்கு உரிய பெருமை. கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் வீழ்ந்தபின் சிவகங்கை அரசி வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்ததும் இதே சீமையிலுள்ள விருப்பாட்சியில்தான். அவர் உதவி நாடியதும் இந்த ஹைதரையே.

அக்காலத்துத் துப்பாக்கி எத்தகையது என்று தெரிந்துகொண்டால்தான் அதைச் செய்தவனுடைய சாமர்த்தியம் விளங்கும். ஹைதருக்கு முந்திய தலைமுறைகளில் நம் நாட்டில் வழங்கியது திரித் துப்பாக்கி: கனன்றுகொண்டே இருக்கும் ஒரு கயிற்றுத் திரியை வளைந்த இரும்புக் கொக்கி பற்றியிருக்க, விசையை இழுத்தால் அது தாழ்ந்து மருந்தைத் தொடும். மழை தூறினால் திரி அணையும். இருட்டில் பதுங்கினால் திரியின் கனலே காட்டிக்கொடுக்கும். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காக ஐரோப்பியக் கைவினைஞர் பலர் பல வழிகளில் முயன்று, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்ஸ் தேசத்து நார்மண்டியில் மரான் லெ பூர்ஷ்வா என்னும் கைவினைஞரின் பட்டறையில் அது ஒரு முழுமையான வடிவத்தை எய்திற்று. சக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டும் அந்தத் துப்பாக்கியே அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்துப் போர்க்களங்களை ஆண்டது.

அதன் இயக்கத்தை நம் முன்னோர் வழங்கிய சொற்களாலேயே சொல்லிவிடலாம். குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெசக்கோலால் இடிக்க வேண்டும். குழலின் பக்கத்தில் ஊசித் துளை ஒன்று உண்டு, அது பற்றுவாய். அதன் வெளியே சிறு கரண்டி போன்ற கிண்ணத்தில் வைக்கும் நுண்ணிய மருந்து ரஞ்சகம். சக்கிமுக்கிக் கல்லைப் பல்லில் கவ்வியிருக்கும் உறுப்புக்குக் குதிரை என்று பெயர். குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொட்டால், உள்ளே மடிந்திருக்கும் வில் விடுபட்டு, குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைக் கல்லால் சுரண்டும். அந்தச் சுரண்டலிலேயே தகடு பின்னே சாய்ந்து கிண்ணத்தைத் திறந்துவிட, உதிர்ந்த பொறிகள் ரஞ்சகத்தில் விழ, அந்தத் தீ பற்றுவாய் வழியே உட்புகுந்து குழலிலுள்ள மருந்தைப் பற்றும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தாக வேண்டும். வில்லின் வலிமை சற்றே குறைந்தாலும், தகட்டின் வளைவு ஒரு நூல் பிசகினாலும் பொறி விழாது. பொறி விழாத வீரனுடைய கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விசைத் தொகுதி முழுவதையும் ஆங்கிலத்தில் லாக் என்றே அழைக்கிறார்கள். கதவுக்கு இடும் பூட்டுக்கும் அதுவே சொல். நமக்கு இது விசித்திரமாகத் தோன்ற வேண்டியதில்லை. தமிழிலும் வில்லில் நாண் ஏற்றுவதைப் பூட்டுதல் என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். ஏரைப் பூட்டுகிறோம், வண்டியைப் பூட்டுகிறோம், பெட்டியையும் பூட்டுகிறோம். அடக்கி வைத்த ஒரு வலிமையை வேண்டிய கணத்தில் மட்டும் விடுவிக்கும்படி பிணைத்து நிறுத்துவது என்ற பொருள் இந்த வழக்குகள் பலவற்றுள்ளும் ஓடுகிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரிலிருந்து துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்குத் துணிவு தந்தது இந்த ஒரு சொல்லே.

ஒரு நல்ல துப்பாக்கியைச் செய்வதற்குக் கம்மாளரின் ஐந்தொழில்களில் நான்கு வேண்டும்: குழலுக்கும் விசைக்கும் கொல்லன், கட்டைக்குத் தச்சன், பித்தளைக் காப்புகளுக்குக் கன்னான், வெள்ளி பதித்துச் சித்திரம் கீறுவதற்குத் தட்டான். இவற்றுள் மிகக் கடினமானது குழல். தட்டையான இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேல் வளைத்து, ஓரங்கள் வெண்சூடு ஏறும்வரை உலையிலிட்டு, சம்மட்டியால் அடித்து ஒட்டுவார்கள். ஒரு சூட்டில் இரண்டு மூன்று அங்குலமே ஒட்டும். நம் நாட்டுக் கொல்லர் பட்டையை நீளவாட்டில் மடிக்காமல், கொடி சுற்றுவதுபோல் சுருளாகச் சுற்றி ஒட்டுவதை விரும்பினார்கள். அதனால் ஒட்டு முழுவதும் குழலைச் சுற்றி வர, வெடியின் அழுத்தம் ஒரே கோட்டில் தாக்குவதில்லை. பிறகு துளையைப் பல துரப்பணங்களால் படிப்படியாகக் கடைந்து, ஒரு சிறு வில்லில் கட்டிய மெல்லிய நூலை உள்ளே இழுத்துப் பிடித்து, நூலுக்கும் சுவருக்கும் இடையே தெரியும் ஒளியைக் கண்ணால் அளந்து, வளைவு கண்ட இடத்தில் தட்டி நேராக்குவார்கள். கண்தான் அங்கே கருவி.

இதற்கும் மேலான ஒரு நுட்பம் ரைஃபிளில் உண்டு. மத்திய ஐரோப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை அறிந்திருந்த ஜெர்மானியக் கொல்லர்கள், 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறி, காட்டு வாழ்க்கைக்கேற்ப அதன் குழலை நாற்பது அங்குலத்துக்கு மேலும் நீட்டி, குண்டின் அளவைக் குறைத்து, ஒரு புதிய ஆயுதத்தையே உருவாக்கினார்கள். அதன் குழலுக்குள் பெரும்பாலும் ஏழோ எட்டோ வரிகள், ஏறக்குறைய நான்கடிக்கு ஒரு சுற்று வீதம் திருகிச் செல்லும். எண்ணெய் தோய்ந்த சிறு துணியில் பொதிந்த ஈயக் குண்டு, அவ்வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படுவதால் நேராகச் செல்கிறது. சாதாரணப் படைத் துப்பாக்கிக்கு நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லாதிருக்க, இதைக் கொண்டு இருநூறு கஜத்திலும் குறி வைக்க முடிந்தது. அவ்வரிகளை வெட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது, திருகுவரி செதுக்கிய ஒரு மரத்தூணும், நுனியில் சிறு பல் பொருத்திய கம்பியுமே. பல்லின் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து உயர்த்தி மறுபடி மறுபடி இழுப்பார்கள்; காகிதத்தின் கனத்தால் இரும்பின் ஆழத்தை அளந்த அந்த யுக்தியை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கிறது.

வில்லுக்குத் துவைச்சல் கொடுப்பது தனி வித்தை. செக்கச் சிவந்த எஃகை எண்ணெயில் அமிழ்த்தினால் அது கண்ணாடி போல் உடையும் தன்மை பெறுகிறது; மீண்டும் மெல்லச் சூடேற்றி, மேனியில் நீலம் படரும் கணத்தில் நிறுத்தினால்தான் வளைந்து நிமிரும் பதம் வரும். தச்சனுடைய வேலையோ இரும்புக்கு மரத்தில் வீடு கட்டுவது: விசைத் தகட்டில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அமுக்கி, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் எடுத்து, மயிர்க்கனமும் இடைவெளி தெரியாதபடி அதைப் பதிக்க வேண்டும்.

இப்படிச் செய்து முடித்த வேலையை யார் மதிப்பிடுவது? லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813-இல் சட்டப்படி ஒரு பரீட்சைச் சாலை ஏற்பட்டது. வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்தை இட்டுக் குழலை வெடித்துப் பார்த்து, பிளவாமல் நின்றால் முத்திரை குத்துவார்கள். பிளந்தால் கொல்லனுடைய பல நாள் உழைப்பு அங்கேயே துண்டாகிக் கிடக்கும். கொடிய பரீட்சைதான், ஆனாலும் அம்முத்திரையே கொல்லனுக்குக் கௌரவம்.

நம் நாட்டுக் கொல்லரும் ஒரு முறை அத்தகைய பரீட்சையில் வைக்கப்பட்டார்கள். வங்காள நவாப் மீர் காசிம் 1760-களின் தொடக்கத்தில் கங்கைக் கரையிலுள்ள முங்கேரைத் தலைநகராக்கி, ஆர்மேனியரான குர்கின் கானின் மேற்பார்வையில் துப்பாக்கிப் பட்டறைகளை நிறுவினார். அங்கே செய்த துப்பாக்கிகளை, கம்பெனிச் சேனைக்கென்று லண்டன் டவரில் முத்திரையிட்டு அனுப்பப்பட்டவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்குமாறு கல்கத்தா கவுன்சில் உத்தரவிட, ஆராய்ந்த ஆங்கில அதிகாரிகள் முங்கேர்த் துப்பாக்கியே மேலானது என்று கருத்துக் கூறினார்கள். அதன் உலோகம் பதமானது, சக்கிமுக்கியாக வைத்த ராஜ்மஹால் அகேட் கற்களும் சிறந்தவை என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரியே நீதிபதியாக அமர்ந்து, எதிரிக்கே சாதகமான சாட்சியங்கள் நிறைந்த சபையில், நம் கொல்லன் வென்றான்! ஐரோப்பியனைப் பார்த்து நகலெடுத்தவன் என்று நம் கைவினைஞனைத் தள்ளிவிடுவோர் இந்த ஒரு தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

மைசூர்க் கொல்லர் இவர்களுக்கு இளைத்தவரல்லர். ஹைதரின் மகன் திப்பு சுல்தான் காலத்து ஸ்ரீரங்கப்பட்டணத் துப்பாக்கிகளில் புலியின் தலையும் புலிவரியும் இழைத்த அழகை இன்றும் இங்கிலாந்தின் காட்சிசாலைகளில் காணலாம். 1799-இல் கோட்டை வீழ்ந்தபின் கொள்ளைப் பொருளாகக் கடல் கடந்தவை அவை. அதற்கு ஈராண்டு கழித்து, பாளையக்காரரின் கிளர்ச்சி அடங்கியதும், 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த பிரகடனம் தென்பாண்டிச் சீமையில் ஆயுதங்களை ஒழித்தது. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. குடகு நாட்டார்க்கு மட்டும் விலக்கு நிலைத்தது. அவர்கள் கைல்போத் திருநாளில் இன்றும் துப்பாக்கியைப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். மற்றவர்க்கு உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் வைப்பதும் குற்றமாயிற்று. இன்றும் அவ்வாறே, அது இருக்க வேண்டிய சட்டமும்கூட. என் வருத்தம் வேறு. கொல்லனுடைய கைவேலையைப் பார்த்து, இது நன்று, இது பிழை என்று சொல்லத் தெரிந்த ஒருவன் அதன்பின் இந்தச் சீமையில் இல்லாமற்போனான். அவன் செய்ததைப் பறிமுதல் செய்யும் சேவகன் மட்டுமே எஞ்சினான். பார்க்கத் தெரிந்த கண் போனபின் செய்யத் தெரிந்த கை எத்தனை நாள் நிற்கும்?

அமெரிக்கர் அந்தக் கண்ணைத் திரும்ப உண்டாக்கிக்கொண்டார்கள். வெர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய நகரில் வாலஸ் கஸ்லர் என்ற கொல்லர், இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கி ஒரு நீண்ட ரைஃபிளை முழுவதும் கையாலேயே செய்து முடிப்பதை 1960-களின் இறுதியில் திரைப்படமாகவே எடுத்து வைத்தார்கள். பென்சில்வேனியாவின் கெம்ப்டன் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் ஒரு சந்தை கூடி வந்தது. அங்கே தாங்கள் செய்த துப்பாக்கியைக் கொண்டுவருவோர், பயில்பவர், தேர்ந்தவர், ஆசான் என்ற படிநிலைகளில் அதை மத்தியஸ்தர் முன் வைப்பார்கள். மத்தியஸ்தர் மரமும் இரும்பும் சேரும் கோட்டையும், செதுக்கின் ஆழத்தையும், விசையின் ஓசையையும் ஆராய்ந்து குறைகளை எடுத்துச் சொல்வார்கள். பரிசு பெறாதவனும் அடுத்த துப்பாக்கியை எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புவான்.

கோட்டையிலிருந்து இறங்கி நாகல் நகர்ப் பக்கம் நடந்தால், அரத்தின் ஓசை இன்னும் கேட்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாங்காய்ப் பூட்டும் மணிப்பூட்டும் செய்கிற இந்தப் பட்டறைகளுக்கும் ஹைதரின் ஆயுதசாலைக்கும் வம்சாவளி கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் தகடு, வில், பல், தடை என்று அதே உறுப்புகள் அதே கவனத்தோடு இங்கே அரமேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதிய ஆசாரி ஒருவர் அப்போதுதான் முடித்த பூட்டில் அதற்குரிய சாவியை விட்டுத் திருப்பினார், திறந்தது. பக்கத்துப் பூட்டின் சாவியை எடுத்து அதே துளையில் விட்டுத் திருப்பினார், திறக்கவில்லை. நான் திருப்தியடைந்துவிட்டேன், அவர் அடையவில்லை.

“சத்தம் சரியில்லீங்க ஐயா” என்று சொல்லி, பூட்டைக் காதருகே வைத்து மறுபடி ஒரு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, ஆணியை நெம்பி மேல்தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்த லீவரை எடுத்து அரத்தில் வைத்தார்.